பிரமிடுகளை மூப்பு வரிசையில் பாருங்கள்: குடும்பத்தோடு கெய்ரோவில் ஒரு வாரம்

கெய்ரோவுக்குப் போகும் குடும்பங்கள் பெரும்பாலும் ஒரே தப்பைத்தான் செய்கின்றன. இறங்கிய மறுநாள் காலையே கீஸாவின் பெரிய பிரமிடு, மதியம் அருங்காட்சியகம், சாயங்காலம் கடைத்தெரு. மூன்றாம் நாள் பிள்ளைகள் "இன்னும் எத்தனை கல்லு பாக்கணும்?" என்று உட்கார்ந்துவிடுவார்கள். பெரியவர்களுக்குத் தொடை பிடித்துக்கொண்டிருக்கும். உச்சத்தை முதல் நாளே பார்த்துவிட்டதால் அதற்கப்புறம் வருவதெல்லாம் சின்னதாகத் தெரியும்.

ஆனால் பிரமிடு ஒரே நாளில் பிறந்த வடிவம் இல்லை. முதலில் படிப்படியாகக் கட்டினார்கள். பிறகு ஒன்று பாதியில் வளைந்துபோனது. அடுத்தது சரியாக வந்தது. அதன் பிறகுதான் கீஸா. எல்லாம் ஏறக்குறைய நூறு, நூற்றைம்பது ஆண்டுக்குள் நடந்தவை. கட்டப்பட்ட வரிசையிலேயே பார்த்தால் எட்டு வயதுப் பிள்ளைக்கும் அது ஒரு கதையாகப் புரியும். இந்த வழிகாட்டியின் அடிப்படை அதுதான். கூடவே இன்னொரு விதி: முடிந்தவரை ஒரு நாளைக்கு ஒரே ஒரு பெரிய இடம், அதுவும் காலையில். மதியம் அறைக்குத் திரும்பித் தூக்கம். சாயங்காலம் ஊர். கெய்ரோ இரவில் விழித்திருக்கும் நகரம். பத்து மணிக்குக்கூடக் கைக்குழந்தையோடு குடும்பங்கள் தெருவில் நடந்துகொண்டிருக்கும்.

எப்போது, எந்தக் கிழமை

நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். பகலில் 20 டிகிரியை ஒட்டி இருக்கும், மழை கிட்டத்தட்ட இல்லை. ஆனால் இரவில் 10 டிகிரி வரை இறங்கும். "பாலைவனம்தானே" என்று மெல்லிய சட்டையோடு போனால் நடுங்க வேண்டியதுதான். ஆளுக்கு ஒரு காற்றுத் தடுப்பு ஜாக்கெட் போதும். மார்ச் முதல் மே வரை கம்சீன் என்ற வெப்பக் காற்று தெற்கிலிருந்து மணலை வாரிக்கொண்டு வரும். அது வீசும் நாளில் வானம் மஞ்சளாகி, எதிரே இருக்கும் பிரமிடே தெரியாது. ஆஸ்துமா உள்ள பிள்ளை இருந்தால் அந்த மாதங்களைத் தவிர்த்துவிடுங்கள். ரமலான் மாதத்தில் தொல்லியல் இடங்களை முன்னதாகவே மூடுவார்கள். அந்த மாதம் ஆண்டுதோறும் சுமார் 11 நாள் முன்னால் நகரும். டிக்கெட் போடும் முன் நாட்காட்டியைப் பார்த்துவிடுங்கள்.

அங்கே வார விடுமுறை வெள்ளியும் சனியும். இதுதான் திட்டத்தின் அச்சாணி. வெள்ளிக்கிழமை காலையில் சாலைகள் காலியாக இருக்கும். எனவே தொலைவான இடங்களை அன்றைக்கு வையுங்கள். கீஸாவிலும் பெரிய அருங்காட்சியகத்திலும் விடுமுறை நாளில் உள்ளூர்க் குடும்பங்களும் பள்ளிக் குழுக்களும் நிரம்பிவிடும். அவற்றை ஞாயிறு முதல் வியாழனுக்குள் வையுங்கள். ஆகவே வியாழக்கிழமை இறங்குவதே சரியான கணக்கு.

கிளம்பும் முன்

பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். விசா முறை பாஸ்போர்ட்டுக்குப் பாஸ்போர்ட் மாறும். எகிப்துத் தூதரகத்திடமோ அரசின் இ-விசா தளத்திலோ மட்டும் கேளுங்கள். தேடினால் முதலில் வந்து விழும் தளங்களில் பல இடைத்தரகர்களுடையவை.

ட்ரோன் கொண்டுபோகாதீர்கள். அனுமதி இல்லாமல் நாட்டுக்குள் கொண்டுவரவே தடை. விமான நிலையத்திலேயே பிடுங்கிக்கொள்வார்கள். மாணவர் அடையாள அட்டை இருக்கும் பிள்ளைகளுக்கு நுழைவுக் கட்டணம் பாதிதான், ஆகவே அட்டையின் அசலையே எடுத்துப் போங்கள். செல்பேசியில் இருக்கும் படத்தைச் சீட்டு கொடுப்பவர் ஒப்புக்கொள்ளாமல் போகலாம். தள்ளுவண்டி பிரமிடு மணலில் ஓடாது. நடக்காத குழந்தைக்கு முதுகில் சுமக்கும் பைதான் வழி. அருங்காட்சியகங்களில் மட்டும் தள்ளுவண்டி உதவும்.

பணமும், ஏமாற்றும் அந்த எண்களும்

நாணயம் எகிப்தியப் பவுண்டு. 100 பியாஸ்டர் ஒரு பவுண்டு. பெரிய தொல்லியல் இடங்களின் சீட்டுக் கவுண்டரில் வெளிநாட்டவரிடம் கார்டு மட்டுமே வாங்குகிறார்கள். மற்ற எல்லாவற்றுக்கும் ரொக்கம், அதுவும் சில்லறை வேண்டும். இரண்டு கார்டு வைத்துக்கொள்ளுங்கள்; ஒன்று மறுக்கப்பட்டால் வாசலிலேயே நிற்க வேண்டியிருக்கும்.

கீஸா வளாக நுழைவு 2025-ல் வெளிநாட்டுப் பெரியவருக்கு 700 பவுண்டு. கூஃபு மன்னனின் பிரமிடுக்குள் (அதுதான் பெரிய பிரமிடு) நுழைய அதைவிட அதிகமான தனிச்சீட்டு. கட்டணங்களை அடிக்கடி ஏற்றுகிறார்கள் என்பதால், கிளம்பும் வாரத்தில் எகிப்தின் சுற்றுலா, தொல்லியல் அமைச்சகத்தின் தளத்தில் பார்த்துவிட்டு அதற்கு மேல் கொஞ்சம் கூட்டியே வரவுசெலவு போடுங்கள்.

கெய்ரோவில் நீங்கள் செலவிடும் மிக லாபமான அரை மணி நேரம், அங்கே எழுதும் எண்களைப் படிக்கப் பழகும் நேரம்தான். அவை நமக்குப் பழகிய எண்கள் அல்ல. ஒன்றும் ஒன்பதும் பார்த்தவுடன் தெரியும். இரண்டும் மூன்றும் சாய்த்துவைத்த மாதிரி. நான்கு, திருப்பிப்போட்ட 3 போல. வில்லங்கம் இதற்கு மேல்தான். ஐந்து வட்டமாக, நம் சுழியம் போலவே இருக்கும். ஆறு, நம் 7 போல. ஏழு ஆங்கில வி எழுத்து; எட்டு அதைக் கவிழ்த்தது. சுழியம் வெறும் புள்ளி. விலைப் பலகையில் 650 என்று எழுதியிருப்பது நம் கண்ணுக்கு 70-உம் பக்கத்தில் ஒரு புள்ளியுமாகத் தெரியும். "எழுபதுதானே" என்று பிள்ளைக்கு எடுத்துக் கொடுத்துவிட்டால் சண்டைதான். நல்ல வேளையாக இந்த எண்களையும் இடமிருந்து வலமாகவே எழுதுகிறார்கள்.

இது கடைக்கு மட்டும் அல்ல. செயலியில் கூப்பிட்ட கார் வந்து நிற்கும்போது அதன் எண் பலகையில் இந்த எண்கள் மட்டுமே இருக்கும். சரிபார்க்காமல் ஏறக் கூடாது. பிள்ளைகளிடம் இந்த வேலையை ஒப்படைத்தால் இரண்டே நாளில் உங்களைவிட வேகமாகப் படிப்பார்கள்.

நோட்டுகளில் ஒரு பக்கம் மசூதிப் படமும் அரபியும். மறுபக்கம் பழைய எகிப்துச் சின்னங்களும் ஆங்கில எண்ணும். மீதி வாங்கும்போது ஆங்கிலப் பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். 50 பவுண்டு தர வேண்டிய இடத்தில் 50 பியாஸ்டர் நோட்டைத் திணிப்பது பழைய வித்தை. நூறில் ஒரு பங்குதான் கைக்கு வரும்.

பக்ஷீஷ் என்ற அன்பளிப்பு அங்கே தினசரி வாழ்க்கை. கழிப்பறையில் டிஷ்யூ நீட்டுபவர், மசூதி வாசலில் செருப்பு பார்ப்பவர், பெட்டி தூக்குபவர் எல்லோரும் எதிர்பார்ப்பார்கள். 10, 20 பவுண்டு நோட்டுகளைத் தனிப் பையில் வையுங்கள். பெரிய நோட்டுக் கட்டை எல்லோர் முன்பும் பிரிப்பது வேண்டாம். நீங்கள் கேட்காமலே ஒருவர் செய்யும் "உதவி"க்குக் கொடுக்க வேண்டியதில்லை: "லா, ஷுக்ரன்" (வேண்டாம், நன்றி) என்று சொல்லிவிட்டு நடையை நிறுத்தாதீர்கள். நின்று விளக்கம் சொல்ல ஆரம்பித்தால் அதுவே பேச்சுக்கு வாசல்.

தங்குவது இரண்டு இடத்தில்

பிரமிடுகள் நைலுக்கு மேற்கே கீஸா பக்கம். பழைய நகரமும் விமான நிலையமும் கிழக்கே. மாலை மூன்று மணியிலிருந்து ஏழு வரை ஆற்றைக் கடப்பதற்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் போய்விடும். ஒரே விடுதியில் ஏழு நாளும் தங்கினால் பாதி விடுமுறை காருக்குள் கழியும். முதல் ஐந்து இரவு கீஸாவில், பிறகு இரண்டு மூன்று இரவு ஜமாலெக்கிலோ தஹ்ரீர் சதுக்கத்தை ஒட்டிய நகர மையத்திலோ. ஜமாலெக் நைலுக்கு நடுவே உள்ள தீவு. நடைபாதையும் மரநிழலும் உள்ள பகுதி, குடும்பத்துக்குத் தோதானது.

கீஸாவில் "மொட்டைமாடியிலிருந்து பிரமிடு தெரியும்" என்ற விடுதிகள் ஸ்ஃபிங்க்ஸுக்கு எதிரேயுள்ள நஸ்லத் அல் சம்மான் குடியிருப்பில் நிறைய. காட்சி பொய் இல்லை. ஆனால் குதிரை, ஒட்டகக் கொட்டில்களும் அங்கேதான்; வாடையும் ஈயும் சேர்ந்தே வரும். வளாகத்தின் முக்கிய நுழைவு 2025 ஏப்ரலில் எதிர்ப்பக்கம் ஃபயூம் சாலைக்கு மாறிவிட்டதால், "வாசல் பக்கத்திலேயே" என்று விடுதி விளம்பரத்தில் எழுதியிருந்தால் எந்த வாசல் என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

வரைபடத்தில் இன்னொரு பொறி உண்டு. மெட்ரோ இரண்டாம் தடத்தில் கீஸா என்று ஒரு நிலையம் இருக்கிறது. அங்கே இறங்கினால் பிரமிடு தெரியாது; இன்னும் எட்டு கிலோமீட்டர் போக வேண்டும்.

வெள்ளி: சக்காராவும் தஹ்ஷூரும்

கீஸாவிலிருந்து சக்காரா சுமார் 20 கிலோமீட்டர் தெற்கே. அங்கிருந்து தஹ்ஷூர் இன்னும் 10. போக மட்டும் கார் பிடித்துப் போனால் தஹ்ஷூரில் திரும்ப வண்டி கிடைக்காது. முந்தின இரவே நாள் முழுக்கக் காரைப் பேசி முடியுங்கள்: காத்திருப்பு, எரிபொருள், நிறுத்தக் கட்டணம் எல்லாம் சேர்த்து எவ்வளவு என்று எழுதிக் காட்டச் சொல்லுங்கள். கூடவே ஒரு நிபந்தனை: கம்பளப் பள்ளி என்ற பெயரில் உள்ள கடை, பப்பைரஸ் (நாணல் தாள்) கடை, வாசனைத் திரவியக் கடை எதிலும் நிறுத்தக் கூடாது. சக்காரா சாலை நெடுக இவை இருக்கின்றன. ஓட்டுநருக்குக் கமிஷன் உண்டு. முதலிலேயே சொல்லிவிட்டால் மனக்கசப்பு இல்லை. பாதி வழியில் சொன்னால் முகம் சுருங்கும்.

காலை எட்டு மணிக்குச் சக்காராவில் இருங்கள். ஜோசர் மன்னனின் படிப் பிரமிடு ஏறக்குறைய கி.மு. 2670-ஐச் சேர்ந்தது, இம்ஹோதெப் வடிவமைத்தது, ஆறு படி, சுமார் 62 மீட்டர். உள்ளே நுழையும் தூண் மண்டபத்தில் கொஞ்சம் நிதானியுங்கள். தூண்கள் நாணற்கட்டு போலச் செதுக்கப்பட்டிருக்கும். தலைக்கு மேல் கல் கூரை, வரிசையாக அடுக்கிய மரத்தண்டு போல இருக்கும். வாசலில் திறந்தபடியே நிற்கும் கதவும் கல்தான். அதுவரை மண்ணிலும் மரத்திலும் நாணலிலும் கட்டிப் பழகியவர்கள் முதன்முறையாக இவ்வளவு பெரிதாகக் கல்லில் கட்டும்போது, கையில் பழைய பழக்கமே வந்திருக்கிறது. இதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும், நீங்கள் சொல்லிவிடாதீர்கள்.

பிறகு பிரமிடின் வடக்குப் பக்கம் போங்கள். பெரும்பாலான குழுக்கள் அங்கே வருவதில்லை. சற்றே சாய்வாக ஒரு சின்னக் கல் அறை பெட்டி போல நிற்கும். அதன் முகத்தில் கண் உயரத்தில் இரண்டு துளை. உள்ளே எட்டிப் பார்த்தால் ஜோசர் சிலையாக உட்கார்ந்தபடி உங்களையே பார்ப்பார். இருப்பது நகல், அசல் தஹ்ரீர் சதுக்கத்திலுள்ள பழைய எகிப்திய அருங்காட்சியகத்தில். ஆனாலும் துளை வழியாகப் பார்க்கும் அந்த ஒரு கணத்துக்குப் பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள்.

அடுத்து தெத்தி மன்னனின் பிரமிடு. வெளியே பார்த்தால் கற்குவியல். உள்ளே குனிந்து இறங்கினால் சுவர் முழுக்கப் பட எழுத்து, கூரை முழுக்க நட்சத்திரம். பெரிய பிரமிடுக்குள் ஒரு எழுத்துகூட அலங்காரமாக இருக்காது என்பதால், "உள்ளே ஓவியம் பார்க்கணும்" என்பவர்களுக்கு இடம் இதுதான். பக்கத்திலேயே அதிகாரிகள் கல்லறைகளில் மீன், முதலை, நீர்யானை செதுக்கிய சுவர்கள் உண்டு, சிலவற்றுக்குத் தனிச்சீட்டு. ஒன்று பார்த்தால் போதும்.

பதினோரு மணிக்குள் தஹ்ஷூருக்குக் கிளம்புங்கள். இடையில் மெய்தூம் பிரமிடு ஒன்று வரிசைப்படி வர வேண்டும். அது இன்னும் வெகு தெற்கே, பிள்ளைகளோடு வேண்டாம்.

தஹ்ஷூரில் இரண்டுமே ஸ்நெஃப்ரு மன்னன் கட்டியவை. முதலாவது வளைந்த பிரமிடு: சுமார் 54 டிகிரி சரிவில் ஆரம்பித்து, பாதியில் 43 டிகிரிக்குக் குறைத்திருக்கிறார்கள். கட்டடம் விரிசல் கண்டதால் எடையைக் குறைத்தார்கள் என்பதே பெரும்பாலான ஆய்வாளர்களின் கணிப்பு. அதன் வழவழப்பான மேலுறைக் கல் வேறு எதிலும் இவ்வளவு மிச்சமில்லை. அடுத்தது சிவப்புப் பிரமிடு, ஆரம்பத்திலிருந்தே அதே 43 டிகிரியில். தப்பிலிருந்து கற்ற பாடம் மணலில் எழுதிவைத்த மாதிரி இரண்டும் எதிரெதிரே நிற்கின்றன. இதைக் கட்டியவரின் மகன்தான் கீஸாவின் கூஃபு.

வளைந்த பிரமிடு 2019-ல் உள்ளே பார்க்கத் திறக்கப்பட்டது. 79 மீட்டர் குறுகலான சுரங்கம். குடும்பத்துக்கு நாங்கள் சொல்வது சிவப்புப் பிரமிடு. வெளியே சுமார் 28 மீட்டர் உயரம் படி ஏற வேண்டும். பிறகு உள்ளே 27 டிகிரி சரிவில் 60 மீட்டருக்கு மேல் இறக்கம். வழியின் உயரம் சுமார் 90 சென்டிமீட்டர்தான். குறுக்குச் சட்டம் அடித்த பலகையில் பின்பக்கமாக, ஏணியில் இறங்குவது போல இறங்குங்கள். முன்பக்கம் பார்த்துக் கூன்போட்டு இறங்கினால் தொடைத் தசை இழுத்துக்கொள்ளும்; மறுநாள் மாடிப்படி இறங்க முடியாமல் தவிப்பவர்கள் எல்லாம் இப்படி இறங்கியவர்களே. அடியில் அம்மோனியா நெடி அடிக்கும். பயப்பட ஒன்றுமில்லை, ஒரு கைக்குட்டை போதும். அண்ணாந்து பார்த்தால் படிப்படியாகக் குவிந்து போகும் கூரை.

மூட்டுவலி, இதய நோய், மூடிய இடப் பயம் உள்ளவர்கள், கர்ப்பிணிகள் இறங்க வேண்டாம். ஐந்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு உயரம் குறைவு என்பதால் பெரியவர்களைவிடச் சுலபம். பாதி வழியில் அழும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஏற இடம் இல்லை, மனமில்லாதவரை வற்புறுத்தாதீர்கள்.

தண்ணீர் இந்தக் காலைக்கு மட்டும் ஆளுக்கு ஒன்றரை லிட்டர். தஹ்ஷூரில் கடை இல்லை என்று நினைத்துக்கொண்டு கிளம்புவதே பாதுகாப்பு.

சனி

ஒன்றும் செய்யாதீர்கள். தொடை வலிக்கும். நீச்சல் குளம் உள்ள விடுதியாக இருந்தால் இந்த நாளுக்காகத்தான்.

ஞாயிறு: கீஸா

திறக்கும் நேரத்துக்கே ஃபயூம் சாலை வாயிலில் நில்லுங்கள். சீட்டை இணையத்திலேயே வாங்கிவிட்டால் வரிசை ஒன்று மிச்சம். வெளியே யாராவது "இந்த வாசல் இன்றைக்கு மூடல்", "சீட்டு அந்தப் பக்கம்" என்றால் கேட்காதது போல நடந்துவிடுங்கள். கழுத்தில் அட்டை தொங்குவது எதற்கும் சான்று அல்ல. சீட்டைக் கையில் வாங்கிக்கொண்டு "வாருங்கள்" என்று முன்னே நடப்பவர் பரிசோதகரும் அல்ல. சீட்டை நுழைவாயில் கருவியில் நீங்களே காட்டுங்கள்.

உள்ளே தனியார் வண்டி கிடையாது; மின்சாரப் பேருந்துகள் நிறுத்தம் நிறுத்தமாக ஏற்றி இறக்கும். முதல் பேருந்தில் நேராகக் கூஃபு பிரமிடுக்கு. உயரம் ஆதியில் சுமார் 146 மீட்டர், இன்று 138. உள்ளே போவதானால் இப்போதே. பத்து மணிக்கு மேல் ஒரே குறுகிய வழியில் ஏறுபவரும் இறங்குபவரும் மோதிக்கொள்வார்கள். ஏற்றவழி ஏறக்குறைய 39 மீட்டர், 26 டிகிரி சரிவு, 1.2 மீட்டர் உயரம். கூன்போட்டே ஏற வேண்டும். அது முடிந்ததும் சட்டென்று 8.6 மீட்டர் உயரப் பெருமண்டபம் திறக்கும். நிமிர்ந்து நிற்கும் அந்த இடம்தான் இந்தச் சீட்டின் விலை. மேலே மன்னர் அறை, முழுக்க கருங்கல். அஸ்வானிலிருந்து, அதாவது 800 கிலோமீட்டர் தெற்கேயிருந்து நைல் வழியாக வந்த கல். மூடியில்லாத ஒரு கல் பெட்டியைத் தவிர அறையில் ஒன்றுமில்லை. "இவ்வளவுதானா?" என்று இறங்குபவர்கள் நிறைய. வெள்ளியன்று சிவப்புப் பிரமிடுக்குள் போனவர்கள் இதை விட்டுவிட்டாலும் பெரிய இழப்பில்லை. அந்தப் பணத்தை வேறெதற்காவது வைத்துக்கொள்ளலாம்.

வெளியே வந்ததும் பிள்ளைகளிடம் எது உயரம் என்று கேளுங்கள். நடுவில் இருக்கும் காஃப்ரே பிரமிடைக் காட்டுவார்கள். அது மேட்டில் நிற்பதால் வரும் மயக்கம். உண்மையில் அது சற்றுச் சின்னது. உச்சியில் தொப்பி போல மிஞ்சியிருக்கும் மேலுறைக் கல்லைப் பார்த்தால், ஒரு காலத்தில் மூன்றும் எப்படி வழவழவென்று நின்றிருக்கும் என்று தெரியும். பிறகு எல்லாம் ஒரே வரிசையில் தெரியும் காட்சி மேடு. ஸ்ஃபிங்க்ஸ் கிழக்கே பார்த்திருக்கிறது. 73 மீட்டர் நீளம், 20 மீட்டர் உயரம். முகத்தில் வெயில் விழும் முற்பகலிலேயே போய்விடுங்கள். பிற்பகலில் படம் எடுத்தால் முகம் நிழலாகத்தான் விழும்.

ஒட்டகம், குதிரை: ஏற்றுவதற்குக் குறைந்த விலை, இறக்குவதற்குத் தனி விலை என்பது அங்கே பழைய கதை. விலங்குகள் பலவற்றின் நிலையும் பார்க்கச் சகிக்காது. வேண்டாம் என்பதே எங்கள் கட்சி. "சும்மா ஒரு போட்டோ" என்று தலையில் துண்டு கட்டிவிடுவதும் காசுக்குத்தான். காசு கேட்டு முடியும் வரை உங்கள் போன் அவர் கையில் இருக்கும். படம் எடுக்கப் போனை யாரிடமும் கொடுக்காதீர்கள்.

திங்கள்: பெரிய அருங்காட்சியகம்

2025 நவம்பரில் முழுமையாகத் திறக்கப்பட்ட கிராண்ட் எகிப்திய அருங்காட்சியகம் பிரமிடுகளிலிருந்து இரண்டு கிலோமீட்டர்தான். நேரம் குறித்த சீட்டை இணையத்தில் பல நாள் முன்பே வாங்குங்கள். வாசலில் வாங்கிக்கொள்ளலாம் என்று போவது வீண். காலை முதல் நேரத்தை எடுங்கள்.

நுழைந்ததும் 83 டன் எடையுள்ள சிலையாக இரண்டாம் ராம்செஸ் மன்னர் நிற்பார். எல்லோரும் அங்கிருந்து பெரும் படிக்கட்டில் சிலை சிலையாக ஏறுவார்கள். நீங்கள் நகரும் பாதையில் நேராக மேலே போய் துட்டன்காமூன் மன்னனின் கூடங்களை முதலில் பாருங்கள். 1922-ல் ஹோவர்ட் கார்ட்டர் கண்டெடுத்த அந்தக் கல்லறையின் 5,000-க்கும் மேற்பட்ட பொருள்கள் முதன்முறையாக ஒரே இடத்தில் இருக்கின்றன. பதினோரு மணிக்குப் பொன்முகமூடியைச் சுற்றி மூன்று சுற்று ஆள் நிற்பார்கள். பிறகு கூஃபுவின் படகு: 1954-ல் பெரிய பிரமிடின் பக்கத்துக் குழியில் கிடைத்த, 40 மீட்டருக்கு மேல் நீளமுள்ள மரக்கலம். நேற்றுப் பார்த்த மன்னருடையது என்பதால் பிள்ளைகள் தாமாக நிற்பார்கள். படிக்கட்டைக் கடைசியில், இறங்கும்போது பாருங்கள். அதன் உச்சியில் கண்ணாடிச் சுவர் வழியாகப் பிரமிடுகள் தெரியும்.

நான்கு மணி நேரத்துக்கு மேல் யாராலும் உள்வாங்க முடியாது. நடுவில் ஒரு உணவு இடைவேளை கட்டாயம்.

செவ்வாய்: ஆற்றைக் கடந்து

பெட்டியை மாற்றிக்கொண்டு காலையில் ஃபுஸ்தாத் பகுதியிலுள்ள எகிப்திய நாகரிக தேசிய அருங்காட்சியகம். 2021 ஏப்ரலில் 22 அரச மம்மிகள் ஊர்வலமாக இங்கே கொண்டுவரப்பட்டன. கூடம் இருட்டு, படமெடுக்கத் தடை, பேச்சும் தணிந்த குரலில். தலையில் கோடரிக் காயத்தோடு ஒரு மன்னர் இருக்கிறார். பயப்படும் பிள்ளையை ஒருவர் வெளியே வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் போங்கள். இரண்டாம் ராம்செஸின் முகத்தைப் பார்க்கும்போது மூக்கைக் கவனிக்கச் சொல்லுங்கள். பதப்படுத்தியபோது மூக்குத் துளைக்குள் மிளகு வைத்திருந்தார்கள். மூவாயிரத்து இருநூறு ஆண்டுக்கு முன் அந்த மிளகு எங்கேயிருந்து போயிருக்கும் என்று கேட்டுப் பாருங்கள். தமிழ் பேசும் பிள்ளைக்கு விடை தெரியும்.

பிற்பகலில் மெட்ரோ முதல் தடத்தில் மார் கிர்கிஸ் நிலையம். வெளியே வந்தால் எதிரேயே காப்டிக் கெய்ரோ, அதாவது எகிப்தியக் கிறிஸ்தவர்களின் பழைய பகுதி. ரோமானியக் கோட்டை வாயிலின் மேல் கட்டிய தொங்கும் தேவாலயத்தில் தரையில் பதித்த கண்ணாடி வழியாகக் கீழே உள்ள பழைய அடித்தளம் தெரியும்.

மெட்ரோவில் மூன்று விஷயம். சீட்டைத் தூக்கிப் போடாதீர்கள், வெளியேறவும் அது வேண்டும். ரயிலின் நடுவில் சில பெட்டிகள் பெண்களுக்கு மட்டும். அவசரத்தில் அம்மா அங்கேயும் அப்பா வேறெங்கேயுமாக ஏறிப் பிரிவது சகஜம். பிரிந்தால் அடுத்த நிலையத்தில் இறங்கி நடைமேடையிலேயே நிற்பது என்று முதல் நாளே பேசி வையுங்கள்.

தெருவைக் கடப்பதும் ஒரு கலை. சிக்னலுக்குக் காத்திருந்தால் பொழுது போய்விடும். உள்ளூர்க்காரர் ஒருவரின் பக்கவாட்டில், வண்டி வரும் திசைக்கு மறுபுறம் ஒட்டிக்கொண்டு, ஒரே சீரான நடையில் போங்கள். ஓடவோ, பாதியில் பின்வாங்கவோ கூடாது. ஓட்டுநர்கள் உங்கள் நடையைக் கணித்தே வளைந்து போகிறார்கள்.

புதன்: பழைய நகரம், இருட்டும் வரை

பிற்பகல் நாலு மணிக்குப் பாப் அல் ஃபுதூ வாயிலில் ஆரம்பித்து அல் முயிஸ் தெருவில் தெற்கே நடங்கள். சுமார் ஒரு கிலோமீட்டரில் இடைக்கால மசூதிகளும் மதரசாக்களும் தோளோடு தோள். கலாவூன் வளாகம் ஒன்றை மட்டும் உள்ளே போய்ப் பாருங்கள். வண்ணக் கண்ணாடி வழியாக வரும் மாலை வெளிச்சத்துக்காக. மசூதிக்குள் செருப்பைக் கழற்ற வேண்டும். பெண்கள் தலைக்கு ஒரு துப்பட்டா. வெள்ளி நண்பகல் தொழுகை நேரத்தில் பார்வையாளர்களுக்கு அனுமதி இல்லை.

விளக்கு ஏற்றும் நேரத்துக்குக் கான் அல் கலீலி சந்தை வந்துவிடும். முதல் விலையில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பேரத்தை ஆரம்பியுங்கள். வாங்கும் எண்ணமில்லாத பொருளுக்கு விலை சொல்லவே சொல்லாதீர்கள். சொன்ன விலைக்குக் கொடுத்துவிட்டால் வாங்காமல் நகர்வது அங்கே மரியாதைக் குறைவு. பப்பைரஸ் என்று வாழைநார்த் தாளை விற்பார்கள். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் அசலில் குறுக்கும் நெடுக்குமாக நாரின் பட்டைகள் தெரியும், சுருட்டினால் வெடிக்காது.

இரவில் நைலில் ஃபெலூக்கா பாய்மரப் படகு. விலை ஒரு மணிக்கு, முழுப் படகுக்கு, தலைக்கு அல்ல. ஏறும் முன் இதைச் சொல்லி உறுதி செய்துகொள்ளுங்கள்.

சாப்பாடு

சைவக் குடும்பத்துக்குக் கெய்ரோ கஷ்டமான ஊர் இல்லை. கொஷரி: சாதம், பயறு, மக்ரோனி, கொண்டைக்கடலை, மேலே தக்காளிக் குழம்பும் மொறுமொறு வெங்காயமும். பூண்டு-வினிகர்ச் சாறும் காரச் சாறும் மேசையில் தனியாக இருக்கும். காரத்தைச் சொட்டு சொட்டாக விடுங்கள். தாமியா என்பது அவரை இனப் பருப்பில் செய்யும் வடை. ஃபூல் அதே பருப்பின் மசியல்.

"சைவம்" என்றால் பலருக்குக் கோழிக் குழம்புச் சாறு வரை அதில் அடக்கம். "ஸியாமி" என்று கேளுங்கள். காப்டிக் கிறிஸ்தவர்கள் ஆண்டில் 200 நாளுக்கு மேல் விலங்குணவு விலக்கி விரதம் இருப்பவர்கள்; அந்த உணவின் பெயர் அது. சில விரதங்களில் மீன் உண்டு என்பதால் அதை மட்டும் தனியாகக் கேட்டுவிடுங்கள். முலூகியா என்ற கீரைக் குழம்பைப் பார்த்து ஏமாற வேண்டாம், பெரும்பாலும் கோழிச் சாற்றில் கொதித்தது.

ஒரு எச்சரிக்கை: ஜி6பிடி குறைபாடு (பிறவியிலேயே வரும் ஒரு நொதிக் குறைபாடு) உள்ள பிள்ளைக்கு ஃபூலும் தாமியாவும் ஆகவே ஆகாது. அந்த அவரை ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்துவிடும்.

குழாய்த் தண்ணீர் வேண்டாம். பல் துலக்கவும் பாட்டில் தண்ணீர். ஐஸ் போட்ட சாறு, கழுவி வெட்டிய பச்சைக் காய்கள் முதல் இரண்டு நாளைக்கு விலக்கு. உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் ஆளுக்கு நான்கு எடுத்துப் போங்கள்.

திரும்பும் நாள்

கெய்ரோ விமான நிலையத்தில் கட்டடத்துக்குள் நுழையும்போதே ஒரு சோதனை, உள்ளே மறுபடி ஒன்று. விமான நேரத்துக்கு மூன்று மணி நேரம் முன்பு அங்கே இருக்கும்படி கணக்குப் போட்டு, வழிக்கு ஒன்றரை மணி நேரம் சேர்த்துக்கொள்ளுங்கள். தொல்பொருள் எதையும் நாட்டைவிட்டு எடுத்துப்போவது 1983-ம் ஆண்டின் 117-ம் எண் சட்டப்படி குற்றம். சக்காரா மணலில் பிள்ளை பொறுக்கிய ஓட்டுத் துண்டும் அதில் சேரும். முந்தின இரவே அவர்கள் பைகளைக் கவிழ்த்துப் பாருங்கள். சந்தையில் வாங்கிய கல் சிலைக்கு ரசீது இருக்கட்டும், அதைப் பெட்டிக்குள் அல்ல, கைப்பையில் வையுங்கள்.